கதைக்காத மச்சானுடன் யோக்கெல்ஃபியோர்டுக்கு

ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை, காலை 4.50. ட்வெய்ட்டாவில் எங்கள் அடுக்குமாடியிலிருந்து புறப்பட்டு, குரோருட்டில் மச்சானை ஏற்றிக்கொண்டு, நேரே விமான நிலையம். திட்டம் முழுவதும் என் மனைவி வதனியுடையது. நான் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவன். இருபத்திரண்டு வருடமாக அட்டவணைக்கு ஓடிப் பழகிவிட்டதால் நிமிடம் பார்க்காமல் எனக்கு மூச்சு விட வராது. இந்தக் கட்டுரையிலும் மணிக்கணக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மச்சான் என்றால் வதனியின் தமையன் ராசன். டொரோண்டோவில் இருக்கிறார். அவரும் நானும் பதினொரு வருடமாகக் கதைப்பதில்லை. காரணத்தைச் சொன்னால் நோர்வேக்காரர் சிரிப்பார்கள்; எங்கள் ஆட்கள் சிரிக்க மாட்டார்கள். எங்கள் மகள் மதுரா வயதுக்கு வந்தபோது செய்த சாமத்தியவீட்டுக்கு நான் அவரை என் வாயால் அழைக்கவில்லை. கார்டைத் தபாலில் போட்டேன். மண்டபம், ஐயர், சமையல் என்று ஓடித் திரிந்ததில், வதனி போனில் சொல்லிவிட்டாள்தானே என்று இருந்துவிட்டேன். தாய்மாமனை அப்படி அழைப்பதில்லை. அவர் வரவில்லை. மாமன் செய்ய வேண்டியதையெல்லாம் வதனியின் ஒன்றுவிட்ட தம்பி செய்தார். அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது மதுராவுக்கு இருபத்துநாலு வயது. ஐப்பசியில் கலியாணம். "இந்தமுறை உங்கடை வாயாலை அண்ணைக்குச் சொல்ல வேணும். இல்லையெண்டால் நான் மணவறைப் பக்கம் வரமாட்டன்" என்று வதனி சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். மச்சான் பத்து நாள் லீவில் ஒஸ்லோவுக்கு வந்தபோதும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, குரோருட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கினார். நான் மூன்று தரம் அங்கே போனேன். மூன்று தரமும் கீழே காருக்குள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். முகத்துக்கு நேரே 'வரமாட்டன்' என்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் வதனி வடக்கே பனியாறு பார்க்கப் போவோம் என்று மூன்று ரிக்கெற் எடுத்து, அண்ணனையும் சம்மதிக்க வைத்தாள். கலியாணக் கார்டு என் ஜாக்கெட்டின் உள்பையில், பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்தது.

காலை 7.35. விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. ஒஸ்லோவிலிருந்து ஆல்தாவுக்கு இரண்டு மணி நேரம். ஜன்னலோரம் மச்சான், நடுவில் வதனி, நடைபாதையோரம் நான். கோப்பி வந்தது.

"அவருக்குக் கோப்பி வேணுமோ எண்டு கேளும்" என்றேன்.

"அண்ணை, கோப்பி வேணுமோ?"

"எனக்கு வேண்டாம் எண்டு சொல்லு."

"வேண்டாமாம்" என்றாள் வதனி. மூன்று பேரின் தோள்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. கோப்பி கொண்டுவந்த பெண் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

9.50. ஆல்தாவில் பதினொரு பாகை குளிர். வாடகைக் கார் நாளுக்கு 1,150 குரோனர். அங்கிருந்து யோக்கெல்ஃபியோர்டுக்குச் சுமார் நூறு கிலோமீட்டர். ஈ-6 நெடுஞ்சாலை கடலை விட்டு விலகுவதே இல்லை. மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்து கிடக்கும் ஒரு ஃபியோர்டின் இந்தக் கரையால் உள்ளே போய், முடிவில் சுற்றி, மற்றக் கரையால் வெளியே வரவேண்டும். எதிர்க்கரை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். லாங்ஃபியோர்ட் என்றால் நீண்ட ஃபியோர்ட் என்று அர்த்தம். பெயர் வைத்தவன் பொய் சொல்லவில்லை. இந்தப் பள்ளங்கள் எல்லாமே ஒரு காலத்தில் பனியாறுகள் மலையை அரைத்து அரைத்துத் தோண்டியவை. ஐஸ் போன பிறகு கடல் உள்ளே வந்து நிரம்பிக்கொண்டது.

"கனடாவிலை இதைவிடப் பெரிசெல்லாம் இருக்கு எண்டு சொல்லு" என்றார் பின் இருக்கையிலிருந்து மச்சான்.

"நாங்கள் பெரிசு பாக்க வரேல்லை எண்டு சொல்லும்" என்றேன் நான்.

"நானென்ன, தந்திக் கம்பியோ?" என்று கேட்டுவிட்டு வதனி கண்ணை மூடிக்கொண்டாள். அதன் பிறகு ஆல்தெய்டெ சந்தி வரும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை. வழியில் ஐந்து கலைமான்கள் தெருவை மறித்து நின்றன. நான் ஹோர்ன் அடிக்காமல் காத்திருந்தேன்.

12.40. யோக்கெல்ஃபியோர்ட். கரையோரம் சில வீடுகள், ஒரு இறங்குதுறை, மீன் வளர்க்கும் கூடுகள். நாங்கள் எடுத்திருந்த வீட்டுக்கு இரவுக்கு 1,400 குரோனர். சமைக்க ஒரு குசினி, படுக்க இரண்டு அறை. குசினி ஜன்னலால் பார்த்தால் ஃபியோர்டின் உள்பக்கம், மலைகளுக்கு மேலே, ஒரு வெள்ளை விளிம்பு தெரிந்தது. முகில் என்று நினைத்தேன். பின்னேரம் முகிலெல்லாம் போன பிறகும் அது அங்கேயே இருந்தது.

சனி, காலை 9.00. இறங்குதுறையில் படகுக்காரர் ஓலா காத்து நின்றார். எழுபதைத் தாண்டிய மனிதர். ஆளுக்கு 650 குரோனர். பனியாற்றடியில் இறக்கிவிட்டு, இரண்டு மணிக்கு வந்து ஏற்றுவார். வதனி படகில் கால் வைக்கப் போய், திரும்ப எடுத்தாள்.

"எனக்கு முழங்கால் ஏலாது. நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ" என்றாள். பிறகு ஒரு பையை மச்சானிடமும் ஒரு சுடுதண்ணிப் போத்தலை என்னிடமும் தந்தாள். "அண்ணையிட்டைச் சாப்பாடு. உங்களிட்டைத் தேத்தண்ணி." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். முழங்கால் ஏலாதவள் நடந்த வேகத்தை நான் பார்த்தேன். மச்சானும் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

ஓலாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. மச்சானுக்கு நோர்வே மொழி அறவே தெரியாது. இரண்டும் தெரிந்தவன் நான், ஆனால் நான் மச்சானோடு கதைப்பதில்லை. கடைசியில் ஓலா சொல்லச் சொல்ல, நான் கடலைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் இல்லாமல், உரத்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். மச்சான் வேறு பக்கம் பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டினார்.

ஓலா சொன்னது இது. மேலே மலையுச்சி முழுவதும் ஒரே ஐஸ் வெளி. அதன் ஒரு விளிம்பு செங்குத்தான பாறைக்கு மேல் வந்து நிற்கிறது. அங்கிருந்து உடைந்து விழுவது கீழே சேர்ந்து, இந்த ஃபியோர்டின் உள்முனையை நோக்கி இறங்கி வருகிறது. நோர்வேயின் பெருநிலத்தில் நேரே கடலுக்குள் ஐஸ் விட்ட பனியாறு இதுதான் என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். அவருடைய பாட்டன் காலத்தில் கடலில் மிதக்கும் ஐஸ் கட்டிகளைப் படகில் இழுத்து ஏற்றி, மீன் பழுதாகாமல் இருக்க ஹம்மர்ஃபெஸ்ட்டுக்குக் கொண்டுபோனார்களாம். இப்போது ஐஸ் தண்ணீரைத் தொடுவதில்லை. பின்வாங்கிப் பாறைக்கு மேல் ஏறிவிட்டது. கரையில் ஒரு மொட்டைப் பாறையைக் காட்டி, "நான் பொடியனாக இருந்தபோது ஐஸ் இந்த இடத்தில் நின்றது" என்றார். அங்கிருந்து இன்றைய ஐஸ் வரைக்கும் குட்டைப் பற்றையும் வெறும் கல்லும்தான்.

எனக்கு அந்த மீன் கதை மிகவும் பிடித்தது. நோர்வேக்கு வந்த புதிதில் பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நான்கு குளிர்காலம் சவளால் ஐஸ் அள்ளிப் போட்டவன் நான். அது இயந்திரம் செய்த ஐஸ். மலையே ஐஸ் செய்து தரும் இடம் ஒன்று பக்கத்தில் இருந்தது அப்போது தெரியாது. இதையும் கடலுக்குத் தமிழில் சொன்னேன். மச்சான் மெல்லச் சிரித்த மாதிரி இருந்தது, நிச்சயமாகச் சொல்லமாட்டேன்.

9.55. கரையில் இறங்கினோம். ஓலா ஒரு பெரிய பாறையைக் கைகாட்டி, அதற்கு அப்பால் போகக் கூடாது, தண்ணீரோரம் நிற்கவும் கூடாது, ஐஸ் விழுந்தால் கல்லும் வரும், அலையும் வரும் என்றார். பிறகு படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கைபேசியைப் பார்த்தேன். சிக்னல் இல்லை. வதனிக்கு அடித்து, மச்சானிடம் சொல்லச் சொல்லலாம் என்ற வழியும் போயிற்று.

பாறை வரைக்கும் இரண்டு கிலோமீட்டர் வராது, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. முதலில் குட்டைப் பேர்ச் மரங்களும் முழங்கால் உயரப் பற்றையும். பிறகு ஐஸ் தள்ளிக்கொண்டு வந்து கொட்டிவிட்டுப் போன கல்மேடுகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக. அதற்கு அப்பால் வழவழவென்று தேய்ந்த பாறை. அதில் ஒரே திசையில் நீளநீளமான கீறல்கள். ஐஸுக்கு அடியில் சிக்கிய கற்கள் உராய்ந்த கீறல்கள் அவை. நடுவால் ஓடிய நீர் அரிசி கழுவிய தண்ணீர் நிறம். ஐஸ் பாறையை மாவாக அரைத்து அதில் கரைத்து விடுகிறது. அந்த நீர் கலக்கும் இடத்தில் ஃபியோர்டும் பால் கலந்த பச்சையாக இருந்தது. மேலிருந்து ஒரு குளிர்காற்று தரையோடு தரையாக இறங்கிக்கொண்டே இருந்தது.

மச்சான் முன்னால், நான் பத்தடி பின்னால். வழி முழுவதும் நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். 'மச்சான், மதுராவுக்குக் கலியாணம்.' அது தெரியும் என்பார். 'மச்சான், பழசை மறப்பம்.' நான்தான் மறக்கவேண்டிய ஆளோ என்பார். ஒரு வசனமும் சரிவரவில்லை. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு பனிச்சறுக்கலில் பஸ் ஓட்டுகிறவனுக்கு ஒரு சொல்லை வாயால் எடுக்கத் தைரியம் இல்லை. எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

11.10. பெரிய பாறை. பனியாறு முழுதாகத் தெரிந்தது. உச்சியில் நீல விளிம்பு. அதன் கீழே கறுத்த செங்குத்துப் பாறை, அதில் நூல் நூலாக விழும் தண்ணீர். பாறைக்கு அடியில் விசிறி விரித்த மாதிரி மறுபடியும் ஐஸ், அழுக்கும் கல்லுமாக, வெடிப்புகளுக்குள் மட்டும் நீலமாக. படத்தில் பார்த்துச் சுத்த வெள்ளையாக இருக்கும் என்று வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். எனக்கு இந்த அழுக்கும் பிடித்தது. வேலை செய்கிற இடம் அப்படித்தான் இருக்கும்.

அவர் ஒரு கல்லில் இருந்தார். நான் வேறொரு கல்லில் இருந்தேன். எனக்குப் பசி, சாப்பாடு அவர் பையில். அவருக்குக் குளிர்; தேத்தண்ணி என்னிடம். வதனியை நினைத்துப் பல்லைக் கடித்தேன். இருபத்தைந்து நிமிடம் அப்படியே போனது.

11.40. வெடித்தது. முதலில் வானத்தில் ஒரு அடி, பிறகு மலை முழுவதும் உருண்டு வரும் இடி. என்ன நடந்தது என்று நான் யோசிக்கவில்லை. "படும் மச்சான், படும்!" என்று ஒரு குரல் கேட்டது. அடுத்த கணம் நான் நிலத்தில் குப்புறக் கிடந்தேன். முழங்கை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் படாமல், காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி. ஊரில் சண்டை நடந்து ஷெல் அடித்த காலத்தில் உடம்பு படித்துக்கொண்டது. ஒஸ்லோவில் இத்தனை வருடமாக நான் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. உடம்பு ஒன்றையும் மறக்கவில்லை.

சத்தம் அடங்கியது. தலையைத் திருப்பினேன். மூன்றடி தள்ளி மச்சானும் அதே மாதிரி, முழங்கை ஊன்றி, காதைப் பொத்தி, வாயைத் திறந்துகொண்டு கிடந்தார். மேலே பாறை விளிம்பிலிருந்து ஐஸ் தூள் இன்னும் புகையாக இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பாறைக்கு ஒரு துண்டும் வரவில்லை.

"ஐஸ் மச்சான், ஐஸ்" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சோ படுத்தனீர்?"

"நீரும் படுத்துத்தானே கிடக்கிறீர்."

அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு நான். எழும்ப முடியாமல், வயிறு நோகச் சிரித்தோம். எழும்பிப் பார்த்தால் இருவரின் காற்சட்டையிலும் கறுப்புப் பழச்சாறு; பாறையிடுக்கில் முளைத்திருந்த காட்டுப்பழப் பற்றைக்கு மேல்தான் விழுந்திருக்கிறோம். பதினொரு வருடத்துக்குப் பிறகு அவர் என்னோடு கதைத்த முதல் சொல் 'படும்' என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஷெல் விழுகிறது என்று நினைத்த நேரத்தில் அவர் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

அவர் பையைத் திறந்தார். மீன் கட்லட் எட்டு. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ஆளுக்கு இரண்டு கட்லட் சாப்பிட்டு முடித்தோம்.

"பிழை என்ரைதான் மச்சான்" என்றேன். தயார்செய்து வைத்த வசனம் ஒன்றும் வரவில்லை, இதுதான் வந்தது.

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரிக்கெற் எடுத்து வச்சிருந்தனான், தெரியுமோ? பிள்ளைக்குச் சீலையும் எடுத்து வச்சனான். வெளிக்கிடுற நாள் மத்தியானம் வரைக்கும் போனை முன்னாலை வச்சுக்கொண்டு இருந்தனான். நீர் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் காணும். கோவத்திலை வராமல் விட்டனான் எண்டு எல்லாரும் நினைக்கினம். எனக்குக் கோவமில்லை, வெக்கமாப் போச்சு. அழைக்காத வீட்டுக்கு எந்த முகத்தோடை போறது?"

அவர் அகங்காரத்தில்தான் வரவில்லை என்று இவ்வளவு காலமும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். போனை முன்னால் வைத்துக்கொண்டு ஒருவர் இருந்திருக்கிறார். உள்பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

"இஞ்சை வச்சோ தாறீர்? கல்லுக்கும் ஐஸுக்கும் நடுவிலை? வீட்டை வந்து முறையாச் சொல்லும்."

"வீட்டை எண்டால்... டொரோண்டோவுக்கோ?"

அவர் கடைசிக் கட்லட்டை எடுத்துக் கடித்தார். கதைத்துவிட்டார், அது பெரிய விஷயம். ஆனால் கார்டு இன்னும் என் கையில்தான் இருந்தது.

14.00. ஓலா சொன்ன நேரத்துக்கு வந்தார். விழுந்த ஐஸ் எல்லாம் உருகிப் போய்விடுமா என்று கேட்டேன். இல்லையாம். நொறுங்கி விழுவது அடியில் குவிந்து, தன் பாரத்தாலேயே இறுகி ஒட்டி, திரும்பவும் பனியாறாகி நகரத் தொடங்குமாம். கீழே நாங்கள் பார்த்த விசிறி முழுவதும் அப்படி உடைந்து சேர்ந்ததுதானாம். இந்தமுறை மச்சானின் முகத்தைப் பார்த்தே தமிழில் சொன்னேன். அவர் "ம்" என்றார். ஓலா எங்களை வைத்துச் சொல்லவில்லை, அவருக்கு எங்கள் கதை தெரியாது.

மாலை 6.15. நடந்ததையெல்லாம் வதனிக்குச் சொல்லிவிட்டு, குசினி ஜன்னலடியில் இருந்து அந்த வெள்ளை விளிம்பைப் பார்த்தேன். நாளை காலை எட்டு மணிக்குப் புறப்பட வேண்டும். ஒஸ்லோவில் நான் தினமும் பஸ் ஓட்டும் பள்ளத்தாக்கும் ஒரு காலத்தில் இப்படி ஐஸுக்கு அடியில் கிடந்ததுதான். இப்போது அங்கே சுரங்கரயிலும் கடைத்தொகுதியும் எங்கள் சனமும். இங்கே அந்த வேலை இன்னும் முடியவில்லை, கண்ணுக்கு முன்னால் நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்த்ததில் மனதுக்கு ஒரு ஆறுதல் இருந்தது, கார்டை நினைத்தால் மட்டும் இல்லை.

அப்போது மச்சான் முகம் கழுவிக்கொண்டு வந்தார். யாரையும் பார்க்காமல், "நான் என்ரை வீட்டைதான் நிப்பன். ஏழு மணிக்குப் பிறகு எனக்கு வேறை அலுவல் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

எனக்கு விளங்கவில்லை. வதனிக்கு உடனே விளங்கிவிட்டது. "இஞ்சருங்கோ, எழும்புங்கோ. அந்த அறைதான் இப்ப அண்ணையின்ரை வீடு. காற்சட்டையை மாத்துங்கோ" என்றாள். குசினி அலுமாரியிலிருந்து ஒரு தட்டம் எடுத்தாள். ஆல்தாவில் வாங்கிய வாழைப்பழம் இரண்டு, கைப்பையில் எப்போதும் இருக்கும் குங்குமச் சிமிழ், நடுவில் கார்டு. வெற்றிலை மட்டும் இல்லை. "அண்ணை மன்னிப்பார்" என்றாள்.

6.55. குசினியிலிருந்து அந்தக் கதவுக்கு ஆறு அடி. குரோருட்டில் மூன்று தரமும் ஏற முடியாத படிகளை நினைத்துக்கொண்டு தட்டினேன்.

"ஆரது?"

"நான்தான் மச்சான். நானும் வதனியும்."

கதவு திறந்தது. அயர்ன் பண்ணிய வெள்ளைச் சேர்ட், நெற்றியில் திருநீறு. "வாங்கோ, வாங்கோ. தூரத்திலையிருந்து வந்திருக்கிறியள். உள்ளுக்கு வந்து இருங்கோ" என்றார். இருக்க இருந்தது கட்டில் மட்டும்தான். அதன் விளிம்பில் இருவரும் இருந்தோம். "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டு, எங்களைத் தாண்டி எங்கள் குசினிக்கே போய், ஊற்றிக்கொண்டு வந்து தந்தார். சீனி போட்டிருந்தார். நான் எத்தனை கரண்டி போடுவேன் என்பது அவருக்கு நினைவிருந்தது.

நான் எழும்பித் தட்டத்தை இரண்டு கையாலும் நீட்டினேன். "ஐப்பசியிலை மகளுக்குக் கலியாணம் வச்சிருக்கிறம். நீங்கள் குடும்பத்தோடை நேரத்தோடை வந்து, நிண்டு நடத்தித் தரவேணும்." கடைசிச் சொல்லில் குரல் உடைந்துவிட்டது. நான் மறைக்கவில்லை.

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கார்டை முதல் வரியிலிருந்து மண்டபத்தின் விலாசம் வரைக்கும் ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். வதனி சேலைத் தலைப்பு இல்லாததால் ஜாக்கெட் கையால் கண்ணைத் துடைத்தாள்.

"நல்ல காரியம்" என்றார். "பொம்பிளை ஆர்?"

"உங்கடை மருமகள்" என்றேன்.

"ஓ, அவளோ" என்றார் மச்சான். "அவளுக்கெண்டால் நான் வரத்தானே வேணும்."